பெயர் சொன்னால் வருவார் என்றார்கள்

என் கணவரின் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அவர் இருந்தவரை வாயால் சொன்னது கிடையாது.

குடவாசலுக்குக் கிழக்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் எங்கள் ஊர். அங்கே கிளைத் தபால் நிலையத்தை ஓய்வுபெறும் வரை நான்தான் பார்த்தேன். எங்கள் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அவருக்கு வரும் பத்திரிகைகளில் அவர் பெயருக்கு மேலேயே முத்திரை குத்தி, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "உங்களுக்குத் தபால்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பேன். கீழத்தெருவில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். முதியோர் பென்ஷன் வாங்க வரும்போது அவரைக் கூப்பிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "பெரியவரே" என்றால் வரிசையில் நிற்கிற எல்லாருமே பெரியவர்கள். கடைசியில் அவர் கட்டியிருந்த பச்சைத் துண்டைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

கட்டிக்கொண்டவள் பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் அம்மா சொல்லி வளர்த்தது. இதைச் சொன்னால் அவருக்குச் சிரிப்பு தாங்காது.

"ரேஷன் கடைக்காரன் மாசாமாசம் எம் பேரக் கத்துறானே, அதுல எவ்வளவு ஆயுசு போயிருக்கும்?"

"அவன் உங்களக் கட்டிக்கிட்டவன் இல்லியே."

"எழுதும்போது குறையாத ஆயுசு சொல்லும்போது மட்டும் எப்படிம்மா குறையும்?"

நான் அதை நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். அவருடைய ஆயுசை வைத்துச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் கறுப்புச் சட்டைக்காரர். வயலுக்குப் போகும்போது மட்டும்தான் பனியன். எங்கள் கல்யாணத்தில் ஐயரும் இல்லை, ஹோமமும் இல்லை. மேடையும் மைக்கும் மாலையும்தான். பிறந்தபோது அவருக்கு வைத்தது ஒரு சாமி பெயர். இளவட்டத்தில் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனவர், அதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு நல்ல தமிழ்ப் பெயர் ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருடைய அக்கா மட்டும் கடைசிவரை பழைய பெயரைத்தான் சொன்னார். இவரும் கடைசிவரை திரும்பவில்லை. அந்தம்மாள் பின்னாலேயே வந்து சட்டையைப் பிடித்து இழுப்பார்.

ஒரு வருஷம் திருவாரூர் தேர்க் கூட்டத்தில் நான் தொலைந்துபோனேன். சாமி இல்லை என்கிறவருக்குத் தேர் மேல் மட்டும் கோபம் கிடையாது. அத்தனை பேர் சேர்ந்து இழுப்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும். போலீஸ் பூத்தில் மைக் வைத்திருந்த பையன், "உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா" என்றான். நான் விழித்தேன். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவனிடம் பேனா இல்லை. கடைசியில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "போஸ்ட் ஆபீஸ் அம்மாவோட வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் வரவும்" என்று அறிவித்தான். அவர் வந்து சேர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "பேரச் சொல்லியிருந்தா எப்பவோ வந்திருப்பேன்ல. கைக்காசு செலவில்லாம நானே வச்சுக்கிட்ட பேரு, ஒரு தடவ சொன்னா என்ன?" என்றார். வீடு வருகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். நட்டுப் பத்து நாள்கூட ஆகாத சம்பாப் பயிர் மழையில் முழுகிவிட்டது என்று தண்ணீரை வடிய விடப் போனவர், வடிகாலை வெட்டிவிட்டு, மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வயல்காரர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிருக்கிறார். தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தாராம்.

சடங்கு எதுவும் கூடாது, பூவையும் பொட்டையும் எடுக்கக் கூடாது என்று பலமுறை சொல்லிவைத்திருந்தார். அப்படியே செய்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் பதினாறாம் நாள் காரியமாவது செய்யலாமே என்று தயங்கினான். நான் விடவில்லை. அதற்குப் பதிலாகப் படத்திறப்பு வைத்தோம். பந்தல் போட்டு, மைக் வைத்து, அவர் படத்துக்கு மாலை போட்டு, தோழர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவர் தன் கொள்கையில் வாழ்கிறார் என்றார்கள். கைதட்டல்கூட எழுந்தது. மறுநாள் பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மகனும் போனான்.

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்கும் புருஷன் இல்லை. ஆனால் அவருக்கு அமாவாசை இருக்கிறது. காலையிலேயே தலைக்குக் குளித்து, வாழைக்காய்ப் பொரியலும் பாயசமும் வைத்து, சோற்றை உருட்டி மதில்மேல் வைத்துவிட்டுக் "கா... கா..." என்று கூப்பிடுவார். காக்கை வரும். அன்று முழுக்க அவர் முகம் தெளிவாக இருக்கும். செத்துப்போன புருஷன் மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. கூப்பிட ஒரு காக்கையும் இல்லை. ஆன்மா உண்டா இல்லையா என்று நானாக யோசித்ததே கிடையாது. எங்கள் வீட்டில் கரண்டு பில்லைப் போல அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். இல்லை என்று அவர் சொன்னால் இல்லை, அவ்வளவுதான். அவர் போனபிறகு அந்த இல்லையைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தபால் ஆபீஸ் வேறு வீட்டுக்குப் போய்விட்டதால் முன்னறைக்கும் யாரும் வருவதில்லை. நிலத்தைப் பக்கத்து வயல்காரருக்கே குத்தகைக்கு விட்டேன். சில நாள் சாயங்காலம்வரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, பால்காரர் வரும்போது குரல் கம்மிப்போய் வெளியே வராது. மனிதக் குரல் வேண்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் இருப்பேன்.

தஞ்சாவூரில் இறந்தவர்களோடு பேசவைக்கிறார்கள் என்று சொன்னது எதிர்வீட்டு அக்காதான். அதை நடத்துகிறவர் பேங்கில் பெரிய வேலையிலிருந்து ஓய்வுபெற்றவராம். காசு வாங்குவதில்லையாம்.

"போய்த்தான் பாரேன்."

"அவருக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னுடுவாருக்கா" என்றேன்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அந்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய், அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

மாடியில் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னைப்போல நாலைந்து பேர். நடுவில் ஒரு சின்ன மேசை, மெழுகுவர்த்தி. சுடர் அசையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. அந்தப் பேங்க்காரர் வெள்ளைச் சட்டையில், மிகவும் மரியாதையான மனிதர். செத்தபிறகு ஆன்மா ஏழு தளங்கள் ஏறிப்போகிறது என்று விளக்கினார். அவர் சொன்னதைக் கேட்டால் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாற்றலாகிப் போவதுபோலத்தான் இருந்தது. "இங்க நம்ம மேல பாசம் இருக்கிறவரைக்கும் அவங்களால மேல போக முடியாதும்மா. வாசல்லயே நிப்பாங்க. கூப்பிடணும், அவ்வளவுதான்" என்றார். அவர் மனைவிதான் கண்ணை மூடி உட்காருகிறவர். அந்த அம்மாள் வழியாகத்தான் ஆவிகள் பேசும். முதலில் எப்போதும் வருவது அவர்களுடைய மகள். கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சலில் போன பெண். அன்றும் வந்தாள். "அப்பா, மாத்திர போட்டீங்களா?" என்று அந்த அம்மாளின் வாய் கேட்டது. "போட்டுட்டேன் கண்ணு" என்றார் அவர், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல. கேலி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டு போன நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் முறை வந்தது. "உங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லி நீங்களே கூப்பிடுங்க. பாசம் உள்ள குரல்தான் அங்க போய்ச் சேரும்."

"நான் பேர் சொல்றதில்லீங்க."

அவர் வற்புறுத்தவில்லை. எழுதித் தரச்சொல்லி ஒரு தாளை நீட்டினார். எழுதினேன். பார்த்துவிட்டு, "இது பொறந்தப்ப வச்ச பேரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காதுல ஓதின பேருதாம்மா ஆன்மாவோட பேரு" என்றார். கீழே பழைய பெயரையும் எழுதினேன். மேலே இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, அந்தச் சாமி பெயரைச் சொல்லி அவர் மூன்று தரம் கூப்பிட்டார்.

அந்த அம்மாளின் தலை மெல்லச் சரிந்தது. "வந்துட்டேன்" என்றது குரல். "ஒன்ன விட்டுட்டு நான் எங்கயும் போகல. ஒம் பக்கத்துலயேதான் இருக்கேன். கவலப்படாத. அடுத்த ஜென்மத்துலயும் எனக்கு நீதான்."

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். உயிரோடு இருந்தபோது அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கல்யாண நாளுக்கு அவர் வாங்கி வந்தது குக்கருக்கு கேஸ்கட். அழுதால், "அழுது முடிச்சிட்டு மோட்டார நிறுத்திட்டு வா" என்பார். அப்படிப்பட்டவர் அடுத்த ஜென்மத்தைப் பற்றிப் பேசுகிறார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த பிறகு புத்தி தெளிந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் உயிரோடு இருந்தபோதே திரும்பாத மனிதர், செத்தபிறகு மட்டும் ஓடி வருவாரா? வந்தது யாரோ. அவர் இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சனிக்கிழமையே புடவையை எடுத்து வைத்துவிடுவேன். கும்பகோணத்தில் பஸ் மாறும்போது ஒரு முழம் பூ வாங்கிக்கொள்வேன். வாரம் முழுக்க வாயைத் திறக்காதவள் அங்கே போய் எல்லாவற்றையும் சொல்வேன். முழங்கால் வலி, மகன் போன் பண்ணாதது, பின்பக்க ஓடு உடைந்தது என்று ஒன்றையும் விடமாட்டேன். குரல் எல்லாவற்றுக்கும் "கவலப்படாத" என்றே சொல்லும். அமாவாசைக்குத் திருவையாற்றில் எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னது ஒருமுறை. அதை மட்டும் நான் செய்யவில்லை. வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே தோன்றும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அன்று காலை பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்றார். "அக்கா, மோட்டார்ல காயில் போயிடுச்சு." போனமுறை காயில் எரிந்தபோது வீட்டில் நடந்த ரகளை ஞாபகத்துக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. மெக்கானிக்கையும் மின்சார ஆபீசையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு அவர் கூடத்தில் நடந்தது கண்முன்னே தெரிந்தது. வாய் அசைவதுகூடத் தெரிந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து வந்த குரல், "கவலப்படாத" என்றது. மெல்லிய, இனிமையான, அந்தத் தஞ்சாவூர் அம்மாளின் குரல்.

வயல்காரர் போனதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என்னை அதட்டுவதை நினைத்துப் பார்த்தேன். "அட போம்மா" என்று அலுத்துக்கொள்வதை, வெற்றிலைப் புகையிலையால் கரகரத்த அந்தத் தொண்டையை, இழுத்து இழுத்துப் பார்த்தேன். வந்தது, ஆனால் தாமதமாக, அரைகுறையாக வந்தது. போனில் அவர் பேசிய வீடியோ ஒன்று இருக்கிறது, பேத்தியின் பிறந்தநாளில் எடுத்தது. அதில் மைக் முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று வாழ்த்துரை வழங்குகிறார். அது ஊருக்கான குரல். வீட்டுக் குரல் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அதைத்தான் நான் ஞாயிறு ஞாயிறாகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் அழித்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் செத்த அன்றுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. இனி இரண்டில் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறுதல் சொல்கிற அந்த யாரோ ஒருவர், அல்லது ஒன்றுமே சொல்லாத என் கணவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய், "இன்னைக்கு நானே கூப்பிடுறேங்க. அவர் வச்சுக்கிட்ட பேரச் சொல்லி" என்றேன்.

பேங்க்காரர் தர்மசங்கடப்பட்டார். "அந்தப் பேரு அங்க பதிவே ஆகியிருக்காதேம்மா. நல்லா வந்துக்கிட்டிருக்கவர எதுக்குக் குழப்பிக்கணும்?"

"பழைய பேரச் சொன்னா அவர் திரும்பமாட்டாருங்க. இது வரைக்கும் வந்தது அவர் இல்ல."

சொல்லிவிட்டேனே தவிர, உடனே உடம்பு கூசியது. அவருக்கு வாரத்துக்கு ஒருமுறை மகள் வருகிறாள். அவர் முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் மனைவிதான் பேசினார். "அவங்க கூப்பிடட்டுங்க" என்றார். விசிறியை நிறுத்திவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. பேத்தி எடுத்தவள், புதுப்பெண்ணைப் போல நாலுபேர் முன்னால் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். ஏங்க இல்லை, என்னங்க இல்லை, பின்னால் மரியாதைக்கு ஒட்டும் எதுவும் இல்லை. வெறும் பெயர், அவர் கேட்ட மாதிரியே. அழகான பெயர். வாய்விட்டுச் சொல்வதற்கு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொன்னபோது குரல் நடுங்கவில்லை.

கீழ்வீட்டில் குக்கர் விசிலடித்தது. தெருவில் ஆட்டோ ஒன்று போனது. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் உதடு அசையவில்லை. நெடுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"யாரும் வரலம்மா" என்றார்.

"பழைய பேர்ல ஒரு தரம் கூப்பிட்டுப் பாத்துருவமா?" என்று அவர் கணவர் கேட்டார். என்னைவிட அவர்தான் பதறிப்போயிருந்தார்.

"வேண்டாங்க."

செத்தபிறகு யாரும் எங்கேயும் இல்லை என்பார் என் வீட்டுக்காரர். சொன்னபடியே வராமல் இருந்துவிட்டார். பிடிவாதக்காரர். எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. அவர் போய் இத்தனை மாதமாகியும் அந்தப் பெயரை நான் சொல்லாமலே வைத்திருந்தேன். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் கேட்டபோது எழுதித்தான் காட்டினேன். செத்தவருக்கு எந்த ஆயுசு குறைந்துவிடப் போகிறது என்று நான் ஒருமுறைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கேயோ இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நான் வாயைத் திறக்காதவரை அது இருக்கும் என்று இருந்திருக்கிறேன் போல. இப்போது நாலுபேர் காதுபட மூன்று தரம் சொல்லியாயிற்று. ஒன்றும் குறையவில்லை. குறைவதற்கு ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன்.